தராசு காட்டியதை அப்படியே சொன்னவர்: ஒரு தேயிலை ஸ்டோரில் வேலை நிலைத்த விதம்

இந்த ஆய்வு இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழும் 24 வயது இளைஞரைப் பற்றியது. ஓட்டிசம் உள்ளவர். அதே தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது எல்லாரும் சொல்கிற மாதிரி ஸ்டோரில், பொதியிடும் அறையில் வேலை செய்கிறார். இதற்கு முன் மூன்று வேலைகள் அவர் கையைவிட்டுப் போயின. இந்த வேலையும் ஒரு தடவை போகப் பார்த்தது. அவருக்குத் துணையாக நின்ற எங்களுக்கு, வேலை தேடிக் கொடுப்பதைவிட அதைப் போகாமல் காப்பதுதான் பெரும் பாடாக இருந்தது என்பதால், இந்தக் குறிப்பிலும் அதற்கே கூடுதல் இடம்.

பெயர் போடவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். எழுதியதை அவருக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினேன். தம்பி இரண்டு திருத்தங்கள் சொன்னார். இரண்டும் எண்கள்.

பின்னணி

அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா இல்லை. அக்கா கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறார். தம்பி தோட்டப் பாடசாலையில் சாதாரண தரம் வரை படித்தார். கணிதம் நன்றாக வந்தது, மற்றப் பாடங்கள் வரவில்லை. பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் இன்னொரு கேள்வியைப் போட்டால் இரண்டுக்குமே பதில் வராது. சத்தமான இடத்தில் நிற்க மாட்டார். எழுதிக் கொடுத்தால் எதையும் மறக்க மாட்டார்.

பாடசாலையில் இதற்கு வைத்த பெயர் பிடிவாதம். லயத்தில் 'ஒரு மாதிரி'. ஓட்டிசம் என்ற சொல்லே அவருடைய 21ஆவது வயதில்தான் அரச வைத்தியசாலை ஒன்றின் மனநல கிளினிக்கில் வந்தது, அதுவும் வேறு காரணத்துக்காகப் போனபோது. மலையகத்தில் இது புதினமான கதை இல்லை. தமிழில் மதிப்பீடு செய்யக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்கள் குறைவு. இருப்பவர்களும் சிறு பிள்ளைகளைப் பார்ப்பதற்கே நேரம் போதாமல் நிற்கிறார்கள். வளர்ந்தவர்களை யாரும் தேடிப் போவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை இருக்கிறது. பார்த்தால், கேட்டால், நடந்தால் தெரிகிறவற்றைக் கணக்கெடுக்க வருபவரும் கேட்பார், வீட்டுக்காரரும் சொல்வார். தம்பி மாதிரி ஆட்களை வீட்டிலேயே அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

கைவிட்டுப் போன மூன்று வேலைகள்

முதலாவது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடை. மலையகப் பிள்ளைகள் போகிற வழக்கமான வழி. ஒரே நேரத்தில் நாலு பேர் ஏவுவார்கள், இரவில் கடைக்கு மேலே ஓர் அறையில் பத்துப் பேர் படுக்க வேண்டும். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். அதில் ஆராய அதிகமில்லை.

இரண்டாவது தோட்டத்திலேயே மலை வேலை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோட்டத்தில் வேலைக்குப் போவதைப் 'பேர் போடுவது' என்பார்கள். நாளுக்கு இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு. கொழுந்து என்றால் கிலோ, புல் வெட்டினால் இத்தனை நிரை. அளவை முடித்தால் முழுப் பேர், முடிக்காவிட்டால் அரைப்பேர். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஆனால் அது முழுப் பேருக்கு. தம்பி ஒரு நிரையை எடுத்தால் வேரோடு ஒரு புல் மிஞ்சாமல் எடுப்பார். அவர் விட்ட இடத்தில் அடுத்த மாதம் வரை புல் முளைக்காது என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணியே சொன்னார். ஆனால் மற்றவர்கள் மூன்று நிரை முடிக்கும்போது அவர் இரண்டில் நிற்பார். மாதம் முழுக்க அரைப்பேர்.

அதே மலையில் வலது தோள் சரியாக உயராத ஓர் அக்கா இருக்கிறார். பல வருடமாகக் கொழுந்து எடுக்கிறார், பல வருடமாக அரைப்பேர். அவரை யாரும் மாற்றுத்திறனாளி என்று சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. 'கை ஓடாது' என்பதோடு சரி. தோட்டத்தில் யாரால் வேலை செய்ய முடியும், யாரால் முடியாது என்பதை வைத்தியர் முடிவு செய்வதில்லை. சாயங்காலம் புத்தகத்தில் விழும் எண்தான் முடிவு செய்கிறது.

மூன்றாவது வேலைதான் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. கணக்கு நன்றாக வரும் என்று கேள்விப்பட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடை எழுதும் கணக்கப்பிள்ளைக்கு உதவியாகப் போட்டார்கள். நல்ல யோசனை மாதிரித்தான் தெரிந்தது. தம்பி வேலை பழக நேரமே எடுக்கவில்லை. டிஜிட்டல் தராசில் என்ன விழுகிறதோ அதை உரக்கச் சொல்வார். 17 கிலோ 400 கிராம் என்றால் 17 கிலோ 400 கிராம்.

சிக்கல் என்னவென்றால், புத்தகத்தில் 15 விழும். சாக்குக்கு ஒரு கழிவு, மழை ஈரத்துக்கு ஒரு கழிவு, மிச்சக் கிராமைக் கணக்கில் எடுப்பதில்லை. தோட்டங்களில் கழிவு பற்றிய முறைப்பாடு புதிதில்லை. தொழிற்சங்கத் தலைவர்மார் காலங்காலமாகப் பேசுகிற விசயம். ஆனாலும் ஒவ்வொரு கூடைக்கும் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று ஒருவர் உண்மையான நிறையைக் கூவினால் என்ன ஆகும்? வரிசையில் நின்ற பெண்களுக்குக் கொண்டாட்டம். 'தம்பி, இன்னொருக்கா சொல்லுடா' என்று கேட்டிருக்கிறார்கள், அவரும் சொல்லியிருக்கிறார். வாரம் முடிவதற்குள் அவரைத் திரும்பப் புல் வெட்ட அனுப்பிவிட்டார்கள். காரணம் கேட்ட அம்மாவிடம் சொன்னது: 'அவனுக்கு ஆளோட பழகத் தெரியல.'

என் கணிப்பில் அவருக்கு வேலை நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த இடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, சொன்னால் அது ஓர் உத்தரவாகிவிடும். இந்த மாதிரிச் சொல்லாத விதிகள் எல்லா வேலையிலும் இருக்கின்றன. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். தம்பிக்கு அது வராது. அதனால் அவருக்குப் பொருந்தும் வேலையைத் தேடும்போது நாங்கள் பார்த்த முதல் விசயம், அங்கே உள்ளதை உள்ளபடி சொன்னால் யாருக்காவது நட்டமா என்பது.

சட்டம் எதுவரை வந்தது

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக. அரச துறையில் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 27/88 இலக்கச் சுற்றறிக்கை 1988இல் வந்தது. தோட்டங்களின் முகாமை 1992இல் தனியார் கம்பனிகளுக்குப் போய்விட்டது, அந்த 3 வீதம் அங்கே செல்லாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றது. எல்லாம் சரி. ஆனால் தம்பியை யாரும் இயலாமையின் பெயரால் விலக்கவில்லையே. அரைப்பேர் போட்டார்கள், பழகத் தெரியாது என்றார்கள். வழக்குப் போடவோ முறைப்பாடு எழுதவோ பிடி இல்லை.

சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. சீதுவையில் உள்ளது பலருக்குத் தெரியும். தங்கிப் படிக்க வேண்டும், பெரும்பாலும் சிங்களத்தில். புறக்கோட்டையில் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காதவரை அங்கே அனுப்பும் எண்ணம் எங்களுக்கு வரவில்லை.

இடம் முதலில், பயிற்சி பிறகு

பழைய முறை, ஆளை ஒரு நிலையத்தில் வைத்துப் பழக்கி, 'தயார்' ஆன பிறகு வேலைக்கு அனுப்புவது. பலர் தயாராகாமலேயே வயதாகிவிடுவார்கள். அமெரிக்காவில் 1970களில் மார்க் கோல்ட் என்பவர், கடும் அறிவுசார் இயலாமை உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கைப் பொருத்தும் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்துக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். அதன் பிறகு 1980களில் வேர்ஜினியாவில் போல் வீமன் போன்றோர் இதைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் உண்மையான வேலையிடம், உண்மையான சம்பளம். பயிற்சி அந்த இடத்திலேயே. கூட ஒரு ஜொப் கோச், அதாவது வேலையிடத்திலேயே பக்கத்தில் நின்று பழக்குபவர். அவர் மெல்ல மெல்ல விலகிக்கொள்வார். 1986இல் அந்த நாட்டுச் சட்டமும் இதை ஏற்றது.

நாங்கள் செய்தது இதன் ஏழை வீட்டுப் பதிப்பு. ஜொப் கோச் என்று சம்பளத்துக்கு ஆள் வைக்க வசதி இல்லை. ஆனால் தோட்டத்தில் நகரத்து வேலையிடங்களில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. வேலையிடமும் வீடும் ஒன்றே. தேயிலை உலர்த்தும் டிரையரில் நிற்கிறவர் தம்பிக்கு மாமா முறை, அதே லயத்தில் மூன்றாவது காம்பரா (வீட்டு அறை). வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்துவதைவிட அவரைப் பழக்குவது லாபம் என்று முடிவு செய்தோம். மாமாவுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது இரண்டே விசயம்: ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுப் பதிலுக்குப் பொறுத்திருங்கள்.

ஸ்டோரில் எந்த வேலை என்பதை, தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரோடு நடந்து பார்த்து முடிவு செய்தோம். வாட்டும் மாடி அமைதியானது, ஆனால் அங்கே வேலை கையால் தொட்டு, மணம் பார்த்து நடப்பது. 'இன்னும் கொஞ்சம் வாடட்டும்' என்பதற்கு அளவு கிடையாது. ரோலர் பகுதி ஈரமும் சத்தமும். சல்லடை அறை சொல்லவே வேண்டாம், சத்தத்தோடு தூசியும். பொதியிடும் அறையில் டீமேக்கருக்கே ஒரு தலையிடி இருந்தது. ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு காகிதப் பையிலும் தோட்ட மார்க், இன்வொய்ஸ் இலக்கம், தரம், மொத்த நிறை, தேறிய நிறை எல்லாம் அடிக்க வேண்டும். பருமனான இலை இடத்தைப் பிடிக்கும், டஸ்ட் கனக்கும்; அதனால் தரத்துக்குத் தரம் பையின் நிறை மாறும். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். இரண்டும் வெவ்வேறு தேயிலைத் தரங்கள்; அவசரத்தில் பி.ஓ.பி. பையில் பி.ஓ.பி.எப். என்று அடித்துவிட்டால் அந்தத் தவறு கொழும்பில் புரோக்கரின் களஞ்சியத்தில்தான் பிடிபடும். பிறகு கடிதம், விளக்கம், ஏச்சு.

அதாவது இங்கே உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர்தான் தேவை. டீமேக்கரிடம் நாங்கள் இரக்கம் கேட்கவில்லை. 'ஐயா, உங்கள் மார்க் பிழையைக் குறைக்க ஓர் ஆள் இருக்கிறார், இரண்டு கிழமை பார்க்கிறீர்களா?' என்று கேட்டோம். பார்க்கும் நாட்களுக்கும் நாட்சம்பளம் வேண்டும் என்பதில் மட்டும் இறங்கவில்லை. 'சும்மா வந்து பழகட்டும்' என்று தொடங்கும் பயிற்சி மாதக்கணக்கில் சும்மாவே போவதை நிறையப் பார்த்தாயிற்று.

ஓட்டிசம் என்று சொல்வதா?

இதில்தான் அதிகம் விவாதித்தோம். நகரத்து நிறுவனங்களில் நோய்நிர்ணயத்தைச் சொன்னால் சலுகை கிடைக்கும் என்பது பொதுவான ஆலோசனை. தோட்டத்தில் காலையில் ஒபிசில் சொன்னது சாயங்காலம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சாகிவிடும். அம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார்: 'மிஸ், இவனுக்கு வேலை கெடைக்கணும்தான். ஆனா மூத்தவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலியே. வைத்தியம் கிய்த்தியம்னு பேப்பர்ல எழுதிராதீங்க.' உதவிப்பணத்துக்குப் பதிவு செய்யலாமே என்று கேட்டபோதும் அதே பதில்.

தம்பியின் விருப்பம் வேறு. யாருக்குத் தெரிந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. வளர்ந்த மனிதர் ஒருவரின் விசயத்தில் அம்மாவின் பேச்சே கடைசிப் பேச்சாக இருக்கலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அக்காவின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது என்று அவரிடம் விளக்கியதும், 'சரி, பேர் வேணாம். என்ன வேணும்னு மட்டும் எழுதுங்க' என்றார். அப்படியே செய்தோம். தேவைகளை மட்டும் எழுதினோம், காரணத்தை எழுதவில்லை. டீமேக்கரும் காரணம் கேட்கவில்லை.

தேவைகள் பெரிதாக இல்லை. அன்றன்றைய இன்வொய்ஸ் விபரம் வாயால் சொல்லாமல் ஒரு துண்டில் எழுதித் தர வேண்டும். காதுக்கவசம் வேண்டும், அது ஸ்டோரிலேயே இருந்தது, யாரும் போடுவதில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலையில் கட்டாயமான வலைத்தொப்பியின் இறப்பர் நாடா நெற்றியில் படுவது அவருக்குத் தாங்கவே முடியாது. முதல் நாளே அதனால் வேலை போயிருக்கும். அம்மா முடி முழுக்க மூடும்படி பருத்தித் துணியில் ஒரு தொப்பி தைத்தார், சுகாதார விதிக்கும் அது பொருந்தியது. செலவு என்று பார்த்தால் துணி மட்டுமே.

வேலையைப் படிகளாகப் பிரித்துச் சுவரில் ஒட்டினோம். பையை எடு, கிழிசல் பார், தரத்தைத் துண்டோடு ஒப்பிடு, ஸ்டென்சில் வை, என்று போகும். தம்பி கொஞ்ச நாளில் தாளைக் கழற்றித் தந்துவிட்டார். மற்றவர்கள் அதை வைத்துக்கொள்ளக் கேட்டார்கள்.

சித்திரையில் வந்த முறிவு

ஏழெட்டு மாதம் சத்தமில்லாமல் போனது. மார்க் பிழை பற்றி ஒரு கடிதமும் வரவில்லை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவும் நடந்தது, சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளி, 12 வீதம் நிர்வாகம். நாங்களும் போவதைக் குறைத்துக்கொண்டோம்.

சித்திரையில் மூன்று விசயங்கள் ஒன்றாக வந்தன. மழை விழுந்து கொழுந்து குவிந்தது. புதுவருடத்துக்கு ஆட்கள் லீவில் போனார்கள். பொதியிடும் அறையின் சுப்பவைசர் மாற்றலாகிப் போக, சிங்களம் மட்டும் பேசும் இளைஞர் ஒருவர் வந்தார். அவருக்குத் தம்பியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆள் குறைந்த ஓரிரவில், வேலை நடுவே, தம்பியைச் சல்லடை அறைக்குப் போகச் சொன்னார். எந்த ஸ்டோரிலும் நடக்கிற சாதாரண விசயம். மாமா அன்று பகல் முறை.

தம்பி போனார். கொஞ்ச நேரத்தில் சல்லடையை விட்டு வெளியே வந்து, விடியும்வரை தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு வேலைக்கே போகவில்லை. பதிவில் 'சொல்லாமல் வேலையை விட்டுச் சென்றார்' என்று விழுந்தது. வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. அம்மாவுக்கு இரட்டைப் பயம். காம்பரா தோட்டத்துடையது, தான் ஓய்வெடுத்த பிறகு வீட்டில் தோட்டத்தில் பேர் போடும் ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது ஒன்று. மகன் திரும்பவும் உள்ளே முடங்கிவிடுவான் என்பது இன்னொன்று.

இந்த இடத்தில் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை பிடித்திருக்கலாம். மாமா அதைத்தான் சொன்னார். ஆனால் புதிய சுப்பவைசர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. பழைய ஏற்பாடு முழுக்க ஒரு மனிதரின் தலைக்குள் இருந்தது. அவர் லொறியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனபோது அதுவும் போய்விட்டது. ஒருவரை வேலையில் வைத்திருக்கும் ஏற்பாடு மேலதிகாரியின் நல்ல மனதில் தங்கியிருந்தால் அது அடுத்த மாற்றல் வரைதான் செல்லும். இந்த ஆய்விலிருந்து வேறெதையும் எடுக்காவிட்டாலும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

எனவே பேச்சுவார்த்தை ஒரு தாளில் முடிந்தது, தமிழிலும் சிங்களத்திலும். வேலை மாற்றம் இருந்தால் அதற்கு முந்தின நாளே எழுதித் தெரிவிக்க வேண்டும். சல்லடை அறை கிடையாது. ஆள் குறைந்தால் களஞ்சியத்தில் பை அடுக்க அனுப்பலாம். தாங்க முடியாத நிலை வந்தால் தம்பி ஒரு சிவப்பு அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே போகலாம், அது வேலையை விட்டுப் போனதாக ஆகாது. இதற்குப் பதிலாக அவர் தருவதும் அதில் இருக்கிறது: அட்டை வைக்காமல் போக மாட்டார், கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிறும் வருவார். இந்த இரண்டாவது பகுதியைச் சேர்க்கச் சொன்னது தம்பிதான். சலுகைத் தாளாக இருந்திருந்தால் அது இலாச்சிக்குள் போயிருக்கும். இரண்டு பக்கமும் கடமை இருந்ததால் அறிவிப்புப் பலகையில் ஏறியது.

புதிய சுப்பவைசரோடு மொழிப் பிரச்சினை வரும் என்று பயந்தோம். வரவில்லை. தம்பிக்குச் சிங்களத்தில் எண்கள் தெரியும், மார்க் ஆங்கில எழுத்து, மீதி துண்டில் இருக்கிறது. பேசுவது இரண்டு பேருக்குமே குறைவு என்பதால் ஒத்துப்போகிறது என்று மாமா சொல்கிறார்.

இப்போது

திரும்பி வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. சிவப்பு அட்டை சில தடவை மேசைக்கு வந்திருக்கிறது, அதிகமும் கொழுந்து குவியும் காலத்தில். முழுப் பேர் சம்பளம். இரவு முறை விசயம் இன்னும் தீரவில்லை; இரவு மேலதிகக் கொடுப்பனவை இழப்பதில் தம்பிக்கு மனமில்லை, ஆனால் தூக்கம் கெட்டால் அடுத்த மூன்று நாளும் கெடுகிறது. மாதத்துக்கு எத்தனை இரவு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

தோள் உயராத அக்காவுக்கு எதுவும் நடக்கவில்லை. தவறணையில், அதாவது நாற்றங்காலில், நாற்றுப் பை நிரப்பும் வேலைக்குக் கேட்டிருக்கிறோம். அதை இடுப்பு உயர மேசையில் வைத்துச் செய்யலாம், கையை மேலே தூக்க வேண்டியதில்லை. அங்கேயும் நாளுக்கு இத்தனை பை என்று ஓர் எண் இருக்கிறது, அந்த எண்ணைப் பற்றித்தான் சின்னதுரையோடு (தோட்ட உதவி முகாமையாளர்) இழுபறி.

டீமேக்கர் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். புதியவர் வந்ததும் அந்தத் தாளைக் கொண்டுபோய் யார் விளக்குவது என்று கேட்டேன். தம்பி தானே போவதாகச் சொன்னார். என்ன பேசுவது என்பதை இப்போதே எழுதி வைத்திருக்கிறார். மாமா கூடப் போவார், பேச மாட்டார்.